மணிபல்லவத்தில் தங்கிய ஒருநாள்: ஆபுத்திரன் கதையிற் காணும் கடற்செலவு மரபு

1. தோற்றுவாய்

பண்டைத் தமிழர்தம் கடல் வாணிகத்தைப் பற்றிய ஆராய்ச்சிகள் பல வெளிவந்துள்ளன. துறைமுகங்களின் பெயர்களும், ஏற்றுமதி இறக்குமதிப் பண்டங்களின் வகைகளும், யவனர் குறிப்புகளும் அவற்றுள் விரிவாக ஆராயப்பெற்றிருக்கின்றன. எனினும், புறப்பட்ட துறைக்கும் சேர்ந்த துறைக்கும் இடையே கழிந்த நாள்களைப் பற்றிய ஆராய்ச்சி மிகக் குறைவு. காற்று எதிர்த்தபோது கலம் எங்கே ஒதுங்கிற்று, ஒதுங்கிய இடத்தில் மாந்தர் என் செய்தனர், காற்றுத் திரும்பியதும் யார் யாரை அழைத்துக்கொண்டனர் என்பனவெல்லாம் பண்ட வரலாற்றில் இடம்பெறாதவை. ஆனால் பாய்மரக் காலத்துக் கடற்செலவில் பெரும் பகுதி காத்திருத்தலாகவே இருந்தது. காற்று உரிய திசையில் வீசும்வரை துறையிற் காத்திருத்தல் ஒன்று. இடைவழியில் காற்று மிகுந்து கடல் கலங்கியபோது ஒரு தீவின் மறைவில் காத்திருத்தல் மற்றொன்று.

இவ்விரண்டனுள் பின்னதனைத் தெளிவாகக் காட்டும் தமிழ் நூல் மணிமேகலை. அதன்கண் வரும் ஆபுத்திரன் கதையை அறநூற் கதையாகவும் பிறப்புணர்த்தும் கதையாகவும் கொண்டு படிப்பதே பெருவழக்கு. அவ்வாறு படிப்பது தவறன்று. ஆயினும், கடற்செலவின் வரலாற்றை அறிய விழைவோன் அக்கதையில் வேறொன்றையும் காண்கின்றான். கரையில் இறங்கியவனுக்கும் கலத்தில் இருந்தோர்க்கும் இடையே நின்ற கடப்பாடு எத்தகையது, அது முறிந்தபோது குற்றம் யாரைச் சார்ந்தது என்னும் வினாவே அது. இவ்வினாவுக்குச் சாத்தனார் அளிக்கும் விடை நாம் எதிர்பார்ப்பதற்கு மாறானது. அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. நிகழ்ச்சி

மதுரையில் சிந்தாதேவியிடம் அமுதசுரபியைப் பெற்ற ஆபுத்திரன் பசித்தோர்க்கெல்லாம் உணவளித்து வந்தான். இந்திரனால் மழை பொய்யாது பெய்யவே, பாண்டிநாட்டில் இரப்போர் இலராயினர். கையிற் குறையாத உணவு இருந்தும் அதனை ஏற்பார் இல்லை என்னும் நிலை வந்தது. அக்காலத்துக் கலத்தில் வந்தோர் சிலர் சாவக நாட்டில் மழையின்மையால் உயிர்கள் மடிகின்றன என்று அவனிடம் கூறினர். அவனும் அவர்களோடு மகிழ்ந்து கலம் ஏறினான்.

இதன்பின் வரும் நிகழ்ச்சி பாத்திரமரபு கூறிய காதையில் சில அடிகளிலேயே முடிந்துவிடுகின்றது. காற்றின் விசை கடுகிக் கடல் கலங்கிற்று. மணிபல்லவத்தில் பாயை இறக்கிக் கலம் ஒருநாள் தங்கிற்று. ஆபுத்திரன் அங்கே இறங்கினான். இறங்கியவன் ஏறிவிட்டான் என்று கருதிப் பாயை உயர்த்திக் கலம் செறிந்த இருளிற் சென்றது.

இவ்வடிகளில் மூன்று செய்திகள் கருதத்தக்கன. முதலாவது, பாயைக் குறிக்க 'இதை' என்னும் சொல் இருமுறை ஆளப்பட்டிருத்தல். தங்கும்போது பாயை வீழ்த்தலும், புறப்படும்போது அதனை எடுத்தலும் தனித்தனியே கூறப்படுகின்றன. கடல் வழக்கை அறிந்தவரிடம் கேட்டோ நேரிற் கண்டோ எழுதியவர் வாக்கு அது. கலம் நின்றது, கலம் சென்றது என்று மட்டும் கூறியிருந்தாலும் கதைக்குக் குறைவில்லை. ஆதலின், இந்நுணுக்கம் வழக்கறிவால் வந்தது எனக் கொள்ளுதல் பொருந்தும்.

இரண்டாவது, தங்கிய கால அளவு ஒருநாளே ஆதல். இது பருவக்காற்றின் மாற்றத்தை நோக்கித் திங்கட் கணக்கிற் காத்திருத்தல் அன்று. கடுங்காற்று அடங்கும்வரை ஒதுங்கியிருத்தல். இத்தகைய தங்கலில் புறப்படும் பொழுது முன்கூட்டி வரையறுக்கப்படுவதில்லை. காற்று அடங்கிய அப்பொழுதே புறப்படல் வேண்டும். நள்ளிருள் என்றும் பாராது கலம் சென்றமைக்குக் காரணம் இதுவே என்க.

மூன்றாவது, 'ஏறினான்' என்று கருதியவர் யார் என்பதற்கு எழுவாய் கூறப்படாமை. மீகாமனா, உடன் வந்த வணிகரா, பாய் எடுத்த தொழிலாளரா என்று பெயர் சுட்டப்படவில்லை. ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்திருப்பர் எனக் கருதியிருத்தல் கூடும். பலர் கூடிச் செய்யும் செயலில் ஒருவன் விடுபடுவது பெரும்பாலும் இவ்வாறுதான். தீங்கு கருதியவர் ஒருவருமிலர். ஆயினும் தீங்கு நிகழ்ந்துவிட்டது.

3. தீவின் இயல்பு

கலம் தங்கும் தீவில் மாந்தர் இறங்குவது ஏன்? நன்னீர் கொள்ளவும், விறகு தேடவும், அசையா நிலத்தில் கால் வைக்கவும் இறங்குவர். மணிபல்லவம் இவற்றுக்கு ஏற்ற தீவாகவே நூலில் காட்டப்படுகின்றது. மணிமேகலை அங்கே தனியளாய்க் கண்விழித்த இடத்தைப் பாடும் காதையில், முரிந்த செம்பவளமும், அலைகள் உருட்டிக் கொணரும் நறுமண மரங்களும், தாழ்ந்த ஈரநிலத்தில் ஓங்கிய ஞாழலும், ஆம்பலும் குவளையும் கலந்து மலர்ந்த ஆழ்ந்த நீர்நிலையும், வளைந்த அடியுடைய புன்னையும் தாழையும் கூடி அமைத்த நிழலும், நிலவு போன்ற மணலும் கூறப்படுகின்றன. பின்னர்ப் பாத்திரம் பெற்ற காதையில் அவள் மணற்குன்றும் சோலையும் பொய்கையும் பார்த்துக்கொண்டு ஒரு காவதத் தொலைவு திரிகின்றாள்.

இவ்வருணனையை நெய்தல் நிலத்துக்குரிய கருப்பொருள் அடுக்கு என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் அதனுள் இரண்டு செய்திகள் கடலோடிக்குப் பயன்படுவன. ஆம்பலும் குவளையும் நன்னீரில் வளர்வன. ஆதலின், உப்புக்கடல் சூழ்ந்த அச்சிறு தீவில் குடிநீர் உண்டு என்பது போதரும். கரையில் ஒதுங்கும் நறுமண மரம் அத்தீவில் வளர்வதாகக் கூறப்படவில்லை; அலை உருட்டிக் கொணர்வதாகவே கூறப்படுகின்றது. சந்தனமும் அகிலும் கீழைக்கடல் வாணிகத்தின் சிறந்த பண்டங்கள். அவை எவ்வாறு கரையில் ஒதுங்கின எனின், உடைந்த கலங்களிலிருந்து ஒதுங்கியிருத்தல் கூடும் என்னும் எண்ணம் தானே எழுகின்றது.

இவ்வெண்ணத்துக்கு நூலிலேயே அரண் உண்டு. தனியே திரியும் மணிமேகலையைக் கண்ட தீவதிலகை, கலம் கவிழ்ந்து வந்த மகளிரைப்போல் இங்கு வந்தவள் யார் என்றே முதலில் வினவுகின்றாள். தீவைக் காக்கும் தெய்வத்துக்கு முதலில் தோன்றும் ஐயமே கலக்கேடு பற்றியதாயின், அத்தீவின் கரையில் கலம் கவிழ்வது அரிய செய்தி அன்று. கம்பளச் செட்டியின் கலம் அத்தீவுக்கு வந்து, பீலிவளையின் மகனை ஏற்றிக்கொண்டு பெயர்ந்த அன்றிரவே கெட்டதாகவும் நூல் கூறுகின்றது. எனவே, மணிபல்லவம் கலங்கள் ஒதுங்கும் இடமும் ஆகும். கலங்கள் உடையும் இடமும் ஆகும். ஆழங்குறைந்த கடலிற் கிடக்கும் தீவுகளுக்கு இவ்விரு தன்மையும் ஒருங்கே உண்டு.

4. தீவு இருக்கும் இடம்

மணிபல்லவம் புகாரிலிருந்து தெற்கே முப்பது யோசனைத் தொலைவில் உள்ளது என்பது நூற்குறிப்பு. யோசனையின் அளவு நூலுக்கு நூல் வேறுபடுவதால் எண்ணைவிடத் திசையே நமக்குத் துணைசெய்வது. இன்றைய பூம்புகாருக்கு ஏறத்தாழ நேர் தெற்கே, 170 கிலோமீட்டர் அளவில், யாழ்ப்பாணத் தீபகற்பத்தின் மேற்கே நயினாதீவு கிடக்கின்றது. செ. இராசநாயகம் 1926-இல் வெளியிட்ட 'பண்டைய யாழ்ப்பாணம்' என்னும் ஆங்கில நூல் மணிபல்லவத்தை யாழ்ப்பாணப் பகுதியோடு இயைத்து ஆராய்ந்தது. நாகதீபத்தில் மணி பதித்த இருக்கை ஒன்றன் பொருட்டு மாமனும் மருகனுமாகிய நாக மன்னர் இருவர் போரிட்டதைப் புத்தர் தணித்தார் என்று மகாவமிசம் கூறும். மணிபல்லவத்துப் புத்த பீடிகை பற்றி மணிமேகலை கூறும் வரலாறும் அதனோடு ஒத்தது. வல்லிபுரத்திற் கிடைத்த பொன்னேடும் நாகதீவு என்னும் பெயரைத் தாங்கியுள்ளது.

நயினாதீவே மணிபல்லவம் என்று அறுதியிட்டு உரைப்பாரும் உளர், மறுப்பாரும் உளர். நம் ஆராய்ச்சிக்கு அம்முடிபு இன்றியமையாதது அன்று. புகாருக்குத் தெற்கே, மக்கள் நிலையாக வாழாத, நன்னீர் உடைய, கலங்கள் ஒதுங்கும் ஒரு தீவைச் சாத்தனார் அறிந்திருந்தார் என்பதே போதும்.

5. அயலார் குறிப்புகள்

இத்தகைய தீவுத் தங்கல் கற்பனை அன்று என்பதற்கு அயல்நாட்டார் குறிப்புகள் சான்றாகின்றன. அவற்றுள் சீனத் துறவியர் இருவருடையவை நம் கதைக்கு மிக நெருங்கியவை.

பாகியான் கி.பி. 5-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையிலிருந்து இருநூற்றுக்கு மேற்பட்டோர் ஏறிய வணிகக் கலம் ஒன்றில் கிழக்கு நோக்கிப் புறப்பட்டார். கலத்தின் பின்னே சிறு படகு ஒன்று கட்டப்பட்டிருந்தது. புயலில் கலத்துள் நீர் புகுந்தபோது வணிகர் அப்படகுக்குத் தாவ முயன்றனர். பலர் ஏறினால் தாமும் மூழ்குவோம் என்று அஞ்சிப் படகில் இருந்தோர் கயிற்றை அறுத்துவிட்டனர். பதின்மூன்று நாள்கள் இரவும் பகலும் அலைந்தபின் கலம் ஒரு தீவின் கரையை அடைந்தது. கடல் வற்றிய வேளையில் நீர் புகுந்த துளையைக் கண்டு அடைத்துப் பயணத்தைத் தொடர்ந்தனர். தீவு அவர்களுக்கு அளித்தது உயிர்.

சாவகத்தில் ஐந்து திங்கள் தங்கியபின் அவர் வேறு கலம் ஏறினார். மீண்டும் புயல். இத்துறவியை ஏற்றிவந்தமையால்தான் இத்துன்பம் என்று கலத்திலிருந்த பிராமணர் சிலர் கருதினர். ஒருவன் பொருட்டு எல்லோரும் இடர்ப்படுதல் ஆகாது. அவரை ஒரு தீவின் கரையில் இறக்கிவிடுவோம் என்றனர். அவருக்கு ஆதரவாய் இருந்த ஒருவர், அவரை இறக்கினால் தம்மையும் இறக்குக என்றும், தாம் உயிரோடு சீனம் சேர்ந்தால் மன்னனிடம் முறையிடுவதாகவும் கூறவே அவர்கள் துணியவில்லை. தீவு இங்கே உயிர்பறிக்கும் கருவியாகக் கருதப்பட்டது. முதற்பயணத்தில் தீவைக் கண்டு மகிழ்ந்தோரும், இரண்டாம் பயணத்தில் தீவை அச்சுறுத்தலாகக் கொண்டோரும் ஒரே தொழிலைச் சார்ந்த மாந்தரே. கலம் அருகில் நிற்கும்வரை தீவு புகலிடம். கலம் சென்றபின் அதுவே சிறை.

கி.பி. 7-ஆம் நூற்றாண்டினரான இத்சிங்கின் குறிப்பு வேறொரு பக்கத்தைக் காட்டுகின்றது. அவர் சீவிசயத்தில் ஆறு திங்களும் மலையூரில் இரண்டு திங்களும் தங்கிக் காற்று மாறியபின் கடாரத்தின் வழியே வடக்கு நோக்கிச் சென்றார். இடையில் ஆடையற்றோர் நாடு எனப்பட்ட தீவை அடைந்தபோது, அத்தீவினர் சிறு படகுகளில் கலத்தைச் சூழ்ந்து தேங்காய் முதலியவற்றைக் கொடுத்து இரும்பை வேண்டினர். இது நிக்கோபார்த் தீவு என்பர் ஆராய்ச்சியாளர். முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி குறிக்கும் மாநக்கவாரமும் அதுவே. மணிமேகலையில் சாதுவன் ஒதுங்கிய இடமும் நக்கசாரணர் எனப்படும் நாகர் வாழ்ந்த மலைப்பகுதியாகும். ஆகவே, கீழைக்கடல் வழியின் இடைத்தீவுகள் பெயரறியாத வெற்றிடங்கள் அல்ல. கடலோடிகள் அவற்றின் நீரையும் மக்களையும் அச்சத்தையும் அறிந்தே சென்றனர்.

6. சாதுவன் காத்திருத்தல்

ஆபுத்திரன் கதையை அடுத்து ஒரு காதை இடையிட்டுச் சாத்தனார் சாதுவன் கதையை வைக்கின்றார். இவ்வைப்புமுறை தற்செயலானது அன்று என்பது எம் கருத்து.

சாதுவன் சென்ற கலம் காற்றாற் கெட்டது. ஒடிந்த மரத்தைப் பற்றிக்கொண்டு அவன் நாகர் மலையை அடைந்தான். உடன் சென்றோருள் தப்பிப் புகாருக்கு மீண்ட சிலர், அவன் இறந்தான் என்றே ஆதிரையிடம் கூறினர். அவள் தீப்புகுந்தாள், தீ அவளைச் சுடவில்லை. கணவன் உயிருடன் இருக்கின்றான், மீண்டு வருவான் என வானிடையே எழுந்த குரல் அவளுக்கு உணர்த்திற்று. அவள் இல்லம் திரும்பிக் காத்திருந்தாள். சாதுவனும் அத்தீவில் அம்மக்களின் மொழியிலேயே உரையாடித் தன் உயிரைக் காத்துக்கொண்டு, சந்திரதத்தன் என்னும் வணிகனின் கலம் அங்கு வந்தபோது ஏறிப் புகாரை அடைந்தான்.

அத்தீவை விட்டு நீங்குமுன் அவன் செய்த செயல் ஒன்று கடல்வரலாற்றில் குறிக்கத்தக்கது. கலம் உடைந்து உயிர்தப்பி வருவோரைக் கொல்லுதலை ஒழித்து, அவர்தம் உயிரைக் காக்க வேண்டும் என்று நாகர் தலைவனிடம் அவன் வேண்டினான், அவனும் உடன்பட்டான். அத்தலைவன் அவனுக்கு அளித்த சந்தனம், அகில், ஆடை முதலியன முன்னர்க் கலம் கவிழ்ந்தோரிடமிருந்து கிடைத்தவையே. ஆதலின், அத்தீவில் அதுகாறும் இருந்த வழக்கு எத்தகையது என்பது விளங்கும். சாதுவன் தான் தப்பியதோடு அமையாமல், தனக்குப்பின் அக்கரையில் ஒதுங்கப்போகும் முன்பின் அறியாத மாந்தர்க்கும் காவல் தேடிவிட்டுச் சென்றான்.

இரு கதைகளையும் அருகருகே வைத்து நோக்குதும். சாதுவனுக்குக் கலம் இல்லை, உணவு இல்லை, சூழ்ந்திருந்தோர் கொல்லும் இயல்பினர். ஆபுத்திரனுக்குக் கலம் சென்றுவிட்டதாயினும் கையிற் குறையாத உணவு இருந்தது, குடிநீர் இருந்தது, கொல்வார் ஒருவரும் இலர். இருப்பினும் சாதுவன் மீண்டான், ஆபுத்திரன் மாண்டான். தீவில் விடப்பட்ட மாந்தர் எல்லோரும் பசிக்கு அஞ்சுவர். ஆபுத்திரன் ஒருவனே அதற்கு அஞ்ச வேண்டாதவன்.

7. ஒன்பது செட்டிகள்

பின் அவன் ஏன் இறந்தான்? பலர் உயிரைக் காக்கும் பாத்திரத்தை வைத்துக்கொண்டு தன் ஒருவன் வயிற்றை மட்டும் நிரப்புதல் அவனால் இயலவில்லை. வாழ்வோர் இல்லாத தீவில் அறம் செய்ய வழியில்லை என்று கருதினான். பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, உண்ணாதிருந்து உயிர் நீத்தான். அந்நிலையில் அவனைக் கண்டு நடந்ததைக் கேட்டறிந்தவர் அறவணர். அவர் வாயிலாகவே இக்கதை மணிமேகலைக்குத் தெரிகின்றது.

இதுவரை படிப்போர் நெஞ்சம் ஆபுத்திரனையே சார்ந்து நிற்கும். கலத்தோர் கவனமின்மையால் ஓர் அறவோன் மாண்டான் என்றே கருதத் தோன்றும். சாத்தனார் அக்கருத்தைப் பதினொரு காதைகள் வளரவிடுகின்றார். பின்னர், ஆபுத்திரனோடு மணிபல்லவம் அடைந்த காதையில் அதனைத் தலைகீழாக மாற்றுகின்றார்.

சாவக மன்னன் புண்ணியராசனாகப் பிறந்த ஆபுத்திரன் மணிமேகலையோடு அத்தீவில் நிற்கின்றான். தீவதிலகை தோன்றி அவனுக்குச் சிலவற்றைக் காட்டுகின்றாள். அவனை விட்டுச்சென்ற வணிகர் ஒன்பதின்மர் அவனைத் தேடி மீண்டும் வந்தனர். அவன் மாண்டமை அறிந்து அவ்விடத்தே தாமும் உயிர் நீத்தனர். அவர்கள் இட உண்டு வாழ்ந்த ஏவலரும் உடன் மாண்டனர். அவர்களுடைய எலும்புகள் இவை. புன்னை நிழலில் அலை குவித்த மணலின்கீழ்க் கிடப்பது உன் உடல் என்கின்றாள். அதனோடு அமையாமல், தன் உயிரையும் கொன்று, தனக்காக இரங்கி வந்தோர் உயிரையும் கொன்றவன் அவனே என்று குற்றம் சாட்டுகின்றாள். கொலை செய்தவன் அரசனாகியிருக்கின்றான் என்பது அவள் கூற்றின் கருத்து.

நூல் முழுதும் போற்றப்படும் ஓர் அறவோனை நோக்கி இத்துணைக் கடுஞ்சொல் ஏன்? உண்ணா நோன்பால் உயிர்விடுதலைப் பௌத்தம் ஏற்பதில்லை என்று சமயம் பற்றி விடை கூறலாம். அவ்விடை ஒருவாறு பொருந்தும். ஆயினும், அது ஒன்பது செட்டிகளின் வரவை விளக்கவில்லை. உண்ணாமை ஒன்றே குற்றமாயின், அவன் தனி இறப்பே போதும். வணிகர் மீண்டு வரவேண்டியதில்லை. அவர்களை மீண்டும் அழைத்து வந்ததனால், சாத்தனார் சமயக் கருத்துக்கு அப்பால் ஒன்றைக் கூறுகின்றார் என்பது பெறப்படும்.

அதனைக் கடல்வழக்கு கொண்டு விளக்கலாம். பாய்மரக் கலம் ஒருமுறை காற்றைப் பெற்றுச் சென்றபின், ஒருவன் விடுபட்டமை தெரிந்தாலும் அக்கணமே திரும்புதல் எளிதன்று. காற்று மாறும்வரை அதற்கு வழியில்லை. இதனைக் கலத்தோர் அறிவர். கரையில் நின்றவனும் அறிதல் வேண்டும். ஆதலின், தீவில் விடப்பட்டவனுக்கு ஒரு கடமை உண்டு. அது காத்திருத்தல். தன்னை மறந்து சென்றோர் நினைத்துத் திரும்புவர் என்று நம்புதல் அதன் உயிர். கலத்தோர்க்கும் ஒரு கடமை உண்டு. காற்று இடங்கொடுத்த அளவில் திரும்பி வருதல் அது. வணிகர் தம் கடமையைச் செய்தனர். பிழை செய்தவர்கள் பிழையைத் திருத்த வந்தனர். திருத்த முடியாதபடி செய்தவன் ஆபுத்திரனே. தீவதிலகையின் குற்றச்சாட்டு இதனையே சுட்டுகின்றது எனக் கொள்வதில் தடையில்லை.

இன்னும் ஒன்று உளது. உண்பிக்க ஒருவரும் இலர் என்பதே ஆபுத்திரனின் துயர். ஆனால் அவனை நோக்கி ஒன்பது வணிகரும் அவர்தம் ஏவலரும் கடல்வழியே வந்துகொண்டிருந்தனர். கடற்செலவால் இளைத்து வரும் அவர்களே அவன் பாத்திரத்துக்குரிய விருந்தினர். அவன் தேடிய பசித்தோர், அவனைத் தேடி வந்தோராகவே இருந்தனர். இதனை அவன் அறியான் என்பதே இக்கதையின் அவலம்.

8. கடலறமும் அரசாணையும்

கலத்தோர்க்கும் கரையோர்க்கும் இடையே நிற்கும் இக்கடப்பாடு பிற்காலத்தில் அரசாணையாகவும் வடிவெடுத்தது. அதற்குச் சான்று மணிபல்லவமெனக் கருதப்படும் நயினாதீவிலேயே இருப்பது வியப்புக்குரியது. அங்குள்ள நாகபூசணி அம்மன் கோயிலில் முதலாம் பராக்கிரமபாகுவின் (கி.பி. 1153-1186) தமிழ்க் கல்வெட்டு ஒன்று உள்ளது. அதனைக் கா. இந்திரபாலா 1963-இல் ஆராய்ந்து வெளியிட்டார். பரதேசிகள் ஊராத்துறைக்கு, அஃதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு வந்து தங்குதல் வேண்டும். அவர்கள் காக்கப்படுதல் வேண்டும் என்று அது கூறுகின்றது. யானையும் குதிரையும் கொணரும் கலம் கெட்டால் காற்பங்கு பண்டாரத்துக்கும் முக்காற்பங்கு உடையவனுக்கும் உரியன. பிற வாணிகச் சரக்குடைய கலம் கெட்டால் செம்பாதி பண்டாரத்துக்கும் செம்பாதி உடையவனுக்கும் உரியன.

இவ்வாணை அருளால் மட்டும் எழுந்தது அன்று. யானை குதிரை வாணிகத்தை ஈர்க்க விரும்பிய அரசின் நலமும் அதில் உண்டு. எனினும், உடைந்த கலத்தின் உரிமை உடையவனை விட்டு முற்றும் நீங்குவதில்லை என்னும் கொள்கை அதில் தெளிவாக உள்ளது. காகதீய மன்னன் கணபதிதேவன் கி.பி. 1244-45-இல் மோட்டுப்பள்ளியில் வெளியிட்ட அபய சாசனம் இன்னும் ஒருபடி மேற்சென்றது. புயலிற் சிக்கிக் கரையொதுங்கிய கலங்களின் பொருளை முன்னை மன்னர் வன்மையாற் கவர்ந்தனர் என்றும், தான் உரிய சுங்கமன்றி வேறு கொள்வதில்லை என்றும் அவன் அறிவித்தான். சாதுவன் நாகர் தலைவனிடம் உயிருக்காக வேண்டியதையும், இம்மன்னர்கள் பொருளுக்காக அளித்த உறுதியையும் ஒரே வரிசையில் வைத்துக் காணலாம். கடலால் நலிந்து வந்தவனைக் கரை மேலும் நலிதல் ஆகாது என்பதே அவ்வரிசையின் பொதுக்கருத்து. அரசர் கல்லில் பொறிப்பதற்கு முன்பே புலவர் அதனைக் கதையிற் பொறித்துவிட்டார்.

9. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன: மணிபல்லவத்தில் கலம் ஒருநாள் தங்கியமை கடல்வழக்கு அறிந்து எழுதிய செய்தி. கடுங்காற்றுக்கு ஒதுங்கும் தீவுகளில் இறங்குதலும், காற்று அடங்கியதும் பொழுது நோக்காது புறப்படுதலும் அக்காலத்து வழக்கு. இறங்கியவனுக்கும் சென்றோர்க்கும் இடையே நம்பிக்கையே கயிறு. அதனை அறியாது அறுத்தவர் வணிகர். மீண்டும் முடிய வந்தவரும் அவரே. முடிக்கவிடாதவன் ஆபுத்திரன்.

அவன் பொய்கையில் விட்ட பாத்திரம் பின்னர் மணிமேகலை கைக்கு வந்தது. அதில் முதற்பிச்சை இடுதற்குரியவள் ஆதிரை என்று சாத்தனார் அமைத்தார். அவள் கற்பின் சிறப்பே அதற்குக் காரணம் என்பது நூலின் வெளிப்படையான விடை. அதனோடு இதனையும் கூட்டிக்கொள்ளலாம்: காத்திருக்க இயலாதவன் விட்ட பாத்திரத்தை, காத்திருந்து கணவனைப் பெற்றவளே நிறைத்தல் தகும்.

இக்கட்டுரை எழுதப்படும் வடலூரில், வள்ளலார் 1867-இல் தொடங்கிய தருமச்சாலையின் அடுப்பு இன்றும் அணையாது எரிகின்றது. இன்ன வேளையில் இன்னார் பசித்து வருவர் என்று அங்கே யாரும் கணக்கிட்டு உலை ஏற்றுவதில்லை. வருவோர் வருவர் என்னும் உறுதியே அவ்வடுப்பைக் காக்கின்றது. ஆபுத்திரனுக்கு அட்சயப் பாத்திரம் இருந்தது. அவ்வுறுதி ஒன்றே மணிபல்லவத்தில் அவனுக்கு இல்லாமற் போயிற்று.